பியருக்கு ஏற்ற தண்ணீர்: ரீச்சரிடம் கேளுங்கள்

சென்ற இதழில் பியருக்கு வேண்டிய மோல்ற் (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்), ஹொப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ற் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) மூன்றையும் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அனேகமானவை நாலாவது பொருளைப் பற்றிக் கேட்கின்றன. பியரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே இந்தக் கேள்விகள் வந்ததில் எனக்கு நல்ல சந்தோஷம். ஆனால் எல்லோரும் "எந்தப் பில்ற்றர் வாங்கலாம்?" என்றே தொடங்குகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்து, பிறகு இங்கிலாந்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் நான். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பில்ற்றரைப் பிறகு யோசிக்கலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி: ரீச்சர், நான் ஈஸ்ற்ஹாமில் இருக்கிறேன். தானியத்திலிருந்தே காய்ச்சுகிறேன். கறுப்பு ஸ்ரவுற் அருமையாக வருகிறது. அதே பானை, அதே முறை, ஆனால் வெளிர் லாகர் செய்தால் நாக்கில் துவர்ப்பாக, முரட்டுக் கசப்பாக நிற்கிறது. ஜக் பில்ற்றரில் வடித்தும் ஒரு தரம் நல்லாக, ஒரு தரம் மோசமாக வருகிறது. தண்ணீர்தான் காரணமா?

பதில்: ஆம் தம்பி, தண்ணீர்தான். ஸ்ரவுற் நல்லாக வந்து லாகர் கெட்டது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

லண்டனுக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் தேம்ஸ், லீ ஆறுகளுடையது. சுண்ணக்கல் நிலத்தில் ஊறி வரும் ஊற்றுகள் அந்த ஆறுகளில் கலக்கின்றன. ஆகவே தண்ணீர் கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். யாழ்ப்பாணத்து வீட்டுக் கேத்தில்களிலும் இதையே பார்த்திருப்பீர்கள். குடாநாடும் சுண்ணக்கல் மேலேதான் இருக்கிறது.

இதில் பியருக்கு உபத்திரவம் கல்சியம் அல்ல. கல்சியம் நல்லது. உபத்திரவம் செய்வது இருகாபனேற்று தரும் காரத்தன்மை. மோல்ற்றை 65 பாகை அளவிலான சுடுநீரில் ஊறவைக்கும்போது (இதைத்தான் மாஷ் என்கிறோம்) அந்தக் கலவையின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.2க்கும் 5.6க்கும் இடையில் இருக்க வேண்டும். மாச்சத்தைச் சீனியாக்கும் நொதியங்கள் அங்கேதான் ஒழுங்காக வேலை செய்யும். காரத்தன்மை கூடிய தண்ணீர் பி.எச்.ஐ மேலே தள்ளிவிடும். அப்போது தானியத்தின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், ஹொப்ஸின் கசப்பும் முரடாகும். இந்த பி.எச். அளவுகோலே ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் 1909இல் அதை அறிமுகப்படுத்தினார்.

கறுப்பாக வறுத்த மோல்ற்றுக்குத் தன்னளவில் அமிலத்தன்மை உண்டு. அது லண்டன் தண்ணீரின் காரத்தை அடக்கி பி.எச்.ஐக் கீழே கொண்டுவந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் இந்த நகரம் கருநிறப் போர்ற்றருக்குப் பேர்போனதும் இந்தத் தண்ணீரை வைத்துத்தான். உங்களுக்குப் பக்கத்தில் போ பகுதியில் 1752இல் ஜோர்ஜ் ஹொட்சன் தொடங்கிய ஆலையிலிருந்து இந்தியாவுக்கு வெளிர் பியர் கப்பலேறியது. சென்னையிலும் கல்கத்தாவிலும் அது விலைப்பட்டது. 1820களில் பேர்ட்டன் என்ற ஊரின் ஆலைகள் அந்த வியாபாரத்தில் இறங்கி லண்டன்காரரை முந்திவிட்டன. பேர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, நிறைய. அந்தச் சல்பேற்று, ஹொப்ஸின் கசப்பைத் தெளிவாக, வறட்சியாக எடுத்துக் காட்டும். நீங்கள் செய்யப் பார்க்கும் வெளிர் லாகரின் தாய் ஊரோ செக் நாட்டின் பில்சன். 1842இல் அங்கே ஜோசப் குரோல் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சிய தண்ணீர் மிக மிக மென்மையானது. அந்தப் பியரை ஈஸ்ற்ஹாம் குழாய்த் தண்ணீரில் அப்படியே காய்ச்சினால் துவர்க்கத்தான் செய்யும்.

இனிச் செய்ய வேண்டியது. தண்ணீர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அறிக்கை இலவசமாக வரும். அதில் கல்சியம், சோடியம், சல்பேற்று, குளோரைட்டு, வன்மை எல்லாம் இருக்கும். காரத்தன்மை சில வேளை இராது. கடிதம் போட்டுக் கேட்கலாம். அதைவிட லேசான வழி, மீன்தொட்டிக் கடையில் கே.எச். பரிசோதனை என்று ஒரு சிறு போத்தல் விற்கிறார்கள். அதோடு வரும் குப்பியில் 5 மி.லீ. தண்ணீர் எடுத்து, துளி துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் ஆட்டிப் பாருங்கள். அனேகமான வகைகளில் முதல் துளியில் தண்ணீர் நீலமாகும். அந்த நீலம் சட்டென்று மஞ்சளாக மாறும் துளியில் நிறுத்துங்கள். துளிகளின் எண்ணிக்கையை 17.9ஆல் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் காரத்தன்மை என்று வரும். 12 துளி என்றால் 215. பின்னால் வெள்ளைக் கடதாசி பிடித்துக்கொண்டு பார்த்தால் நிறம் மாறுவது தவறாது. நுணுக்கமாக வேண்டுமென்றால் 10 மி.லீ. எடுங்கள், அப்போது ஒரு துளிக்கு ஏறக்குறைய 9.

வெளிர் லாகருக்கு அந்த எண் 50 அளவுக்கு வர வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

தண்ணீரைக் கால் மணிநேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக வேறு பானைக்கு மாற்றுவது பழைய வழி. இருகாபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டாக ஆவியோடு போகும், சுண்ணாம்பு அடியில் படியும். செலவில்லாத வழிதான், ஆனால் காரத்தோடு நல்ல கல்சியமும் போய்விடும். லண்டன் தண்ணீரை இது நூறுக்குக் கீழே கொண்டுவருமே தவிர லாகருக்குக் காணாது.

இரண்டாவது, அமிலம் சேர்ப்பது. 80 சதவீத லக்ரிக் அமிலம் பியர்ப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 25 லீற்றரை 215இலிருந்து 50க்கு இறக்க ஏறத்தாழ 8 மி.லீ. வேண்டும். அந்த அளவிலேயே அதன் சுவை மெல்லிய லாகரில் எட்டிப் பார்க்கத் தொடங்கும். பேல் ஏலுக்கு (ஹொப்ஸ் கசப்பு எடுப்பான வெளிர் பியர்) ஓம், லாகருக்கு நான் விரும்பமாட்டேன். பொஸ்போரிக் அமிலம் சுவையில் குறுக்கிடாது. எதுவானாலும் கையுறை போட்டு, தண்ணீருக்குள் அமிலத்தை விடுங்கள். அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது.

மூன்றாவது, கலப்பது. லாகருக்கு நான் சொல்வது இதைத்தான். குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் (மென்சவ்வினூடாக அழுத்தி உப்புகளை நீக்கிய தண்ணீர்) மூன்று பங்கு. 215 அப்படியே 54 ஆகிவிடும். கடல்மீன் வளர்ப்போருக்கான கடைகளில் ஆர்.ஓ. தண்ணீர் கலனில் நிரப்பித் தருவார்கள். கல்சியமும் கால்வாசியாகிவிடும் ஆதலால், 10 லீற்றருக்கு 1 கிராம் கல்சியம் குளோரைட்டு சேருங்கள். அது 27 மில்லிகிராம் கல்சியத்தைத் திருப்பித் தரும். மோல்ற்றிலுள்ள பொஸ்பேற்றுடன் கல்சியம் சேர்ந்து கொஞ்சம் அமிலத்தையும் விடும். மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஜக் பில்ற்றர் ஏன் ஒரு தரம் நல்லாகவும் ஒரு தரம் மோசமாகவும் தருகிறது என்றால், அதற்குள் கரியோடு ஒரு பிசினும் இருக்கிறது. புதிதாக மாட்டியபோது அந்தப் பிசின் காரத்தை நன்றாகப் பிடிக்கும். போகப் போகப் பிடிப்புத் தளரும். ஒரே ஜக்கில் இந்த மாதம் வடித்த தண்ணீரும் அடுத்த மாதம் வடித்ததும் இரண்டு தண்ணீர். வடித்த பிறகும் துளிப் பரிசோதனை செய்தால்தான் கணக்கு நிற்கும்.

கேள்வி: என் பியரில் ஆஸ்பத்திரி மணம் வருகிறது. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்ரர் போல. பாத்திரமெல்லாம் சுத்தம். தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்துத்தான் எடுக்கிறேன். (ஹரோ வாசகி)

பதில்: தங்கச்சி, பாத்திரத்தை ப்ளீச்சில் கழுவி நன்றாக அலசாமல் விட்டாலும், காட்டு ஈஸ்ற் புகுந்தாலும் கிட்டத்தட்ட இந்த மணம் வரும். நீங்கள் சுத்தத்தில் கவனம் என்கிறபடியால் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன்.

குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின், மோல்ற்றிலிருந்தும் ஹொப்ஸிலிருந்தும் வரும் பீனோல்களுடன் சேர்ந்து குளோரோபீனோல் ஆகிறது. லீற்றருக்கு ஒருசில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். காய்ச்சியபின் எதைப் போட்டாலும் போகாது. தண்ணீரிலேயே தடுக்க வேண்டும்.

இரவு திறந்து வைத்தால் வெறும் குளோரின் பறந்துபோகும். ஆனால் பல இடங்களில் இப்போது குளோரினோடு அமோனியா சேர்த்துக் குளோரமைனாக அனுப்புகிறார்கள். நீண்ட குழாய்ப் பாதையில் அது நின்று பிடிக்கும் என்பதற்காகவே சேர்க்கிறார்கள். உங்கள் வாளியிலும் அது நின்று பிடிக்கும். கொஞ்சநேரக் கொதிப்புக்கும் லேசில் போகாது.

இதற்கு மருந்து காம்ப்டன் மாத்திரை. குளொஸ்ரர்ஷயரிலுள்ள சிப்பிங் காம்ப்டன் ஊரின் பெயர் அது. பழம் பதனிடும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று. 25 லீற்றருக்கு அரை மாத்திரை தாராளம். இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்துத் தூளாக்கி, சூடாக்கும் முன் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் குளோரினும் குளோரமைனும் குளோரைட்டாகிவிடும். மீதமாகும் கொஞ்ச அமோனியத்தை ஈஸ்ற் உணவாக எடுத்துக்கொள்ளும். நூறு மாத்திரை அடங்கிய போத்தலின் விலை சொற்பம். இந்தக் காரியத்துக்கு மட்டும் பில்ற்றர் வாங்க நினைக்கிறவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் தூளாக்கும்போது எழும் புகையை முகரவிடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சல்பைற்று ஒத்துக்கொள்ளாதவர்கள் என்றால் கரி பில்ற்றர்தான் வழி. அதிலும் தண்ணீரை மெல்லிய நூலாக விட வேண்டும். குளோரினைக் கரி உடனே பிடித்துவிடும், குளோரமைனுக்கு நேரம் தேவை. வடித்த தண்ணீரைச் சேமித்து வைக்கவும் கூடாது. கிருமியைத் தடுத்த காவல் போய்விட்டது, அன்றைக்கே கொதிக்க வையுங்கள்.

கேள்வி: குரோய்டனில் புது வீடு வாங்கினோம். உப்புப் போடும் மென்னீராக்கி ஏற்கனவே பூட்டியிருக்கிறது. கேத்திலில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. பியருக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்குமா?

பதில்: அந்தத் தண்ணீரைப் பியருக்கு எடுக்காதீர்கள். அந்தக் கருவி கல்சியத்தைப் பிடித்து, அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. 250 மில்லிகிராம் வன்மையை மாற்றினால் லீற்றருக்கு ஏறத்தாழ 115 மில்லிகிராம் சோடியம் கூடும். இருகாபனேற்று அசையாமல் அப்படியே இருக்கும். அதாவது பியருக்கு நல்லது போய், கெட்டது இருந்து, உப்பும் சேர்கிறது. கேத்தில் சுத்தமாகத் தெரிவதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. குசினியில் குடிதண்ணீருக்கென்று மென்னீராக்கியைத் தொடாத குழாய் ஒன்று அனேகமாக விட்டிருப்பார்கள். அதில் பிடியுங்கள். பிறகு ஈஸ்ற்ஹாம் தம்பிக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: நான் மான்செஸ்ரர். லண்டன் நண்பன் தந்த பேல் ஏல் குறிப்பில் "அமிலம் 8 மி.லீ." என்று இருக்கிறது. நானும் போட வேண்டுமா? ஹொப்ஸ் எடுப்பாக வரவேண்டும் என்பது என் ஆசை.

பதில்: வேண்டவே வேண்டாம். ஒருவருடைய தண்ணீர்க் குறிப்பை இன்னொருவர் எடுத்துப் போடுவதால்தான் பாதிப் பியர் கெடுகிறது. மான்செஸ்ரருக்குத் தண்ணீர் வருவது ஏரி மாவட்டத்திலிருந்து. தேர்ல்மியர் ஏரியிலிருந்து பம்பு எதுவுமின்றிச் சரிவிலேயே ஓடிவரும் கால்வாய் 1894இல் திறந்தது. பிறகு ஹோஸ்வாட்டர் ஏரியும் சேர்ந்தது. கடும்பாறை மலையில் விழுந்த மழை, கரைத்துக்கொண்டு வர அங்கே சுண்ணாம்பு இல்லை. உங்கள் காரத்தன்மை ஏற்கனவே மிகக் குறைவு. அந்த 8 மி.லீ. அமிலத்தை விட்டால் பியர் புளித்துப்போகும்.

உண்மையில் உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய வசதி. குறைப்பது சிரமம், கூட்டுவது சுலபம். காம்ப்டன் அரை மாத்திரை. பிறகு 25 லீற்றருக்கு 7 கிராம் ஜிப்சம். லீற்றருக்குச் சல்பேற்று 156 மில்லிகிராம், கல்சியம் 65 மில்லிகிராம் கூடும். ஹொப்ஸ் எடுப்பாக நிற்க அது போதும். பேர்ட்டன் கிணறுகளில் சல்பேற்று 600க்கு மேல் என்று படித்துவிட்டு அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். அவ்வளவு போட்டால் கந்தக வாடையும் கனிமச் சுவையும் முன்னே வந்துவிடும். பழச்சாறு போல மங்கலாக, மெத்தென்று இருக்கும் அந்த நவீன வகை பிடிக்கும் என்றால் ஜிப்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் கல்சியம் குளோரைட்டைக் கூட்டுங்கள். சல்பேற்று கூடினால் வறட்சி, குளோரைட்டு கூடினால் வாய்நிறைவு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்த மாதிரி.

அளக்க ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். கல்சியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும், ஒரு கரண்டி இன்னொரு கரண்டிக்குச் சமமாக இராது. இறுக மூடிய போத்தலில் வையுங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் போத்தல் தண்ணீரில் காய்ச்சினால் எல்லாப் பிரச்சினையும் தீருமல்லவா? விலை கூடியது நல்லதாக இருக்கும்தானே? (இல்போர்ட்)

பதில்: விலைக்கும் பியருக்கும் சம்பந்தமில்லை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். இருகாபனேற்று என்ற வரியிலுள்ள எண்ணை 0.82ஆல் பெருக்கினால் காரத்தன்மை. எவியானில் இருகாபனேற்று 360. பெருக்கினால் 295; உங்கள் இல்போர்ட் குழாய்த் தண்ணீரைவிட மோசம். வொல்விக்கில் 74. பெருக்கினால் 61. வெளிர் பியருக்கு இதை எடுக்கலாம், எவியானை எடுக்கக் கூடாது. இரண்டும் குடிக்க நல்ல தண்ணீர்தான். சுப்பர்மார்க்கெற்றுகளின் சொந்தப் பெயரில் 5 லீற்றர் கலன்களில் வரும் மலிவான ஊற்றுநீர் சிலது மிக மென்மையானது. ஆனால் அதே கடையில் பக்கத்திலிருக்கும் கலன் வேறு ஊற்றாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஐந்து கட்ட ஆர்.ஓ. பூட்டினேன். ரி.டி.எஸ். மீற்றரில் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) 8 காட்டுகிறது. அவ்வளவு சுத்தமான தண்ணீரில் காய்ச்சிய பியர் சப்பென்று, கலங்கலாக இருக்கிறது. ஏன்?

பதில்: அவ்வளவு சுத்தம்தான் காரணம். மாஷ் செய்யும்போது கல்சியம் லீற்றருக்கு 50 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஈஸ்ற் கட்டியாகி அடியில் இறங்கவும், தானியத்திலிருந்து வரும் ஒட்சலேற்று முன்னமே படியவும் கல்சியம் உதவுகிறது. அது இல்லாவிட்டால் பியர் தெளியச் சுணங்கும். சல்பேற்றும் குளோரைட்டும் இல்லாவிட்டால் சுவைக்குப் பிடிமானம் இல்லை. ஆர்.ஓ. தண்ணீரிலேயே தொடர விருப்பமென்றால் 10 லீற்றருக்கு ஜிப்சம் 1 கிராம், கல்சியம் குளோரைட்டு 1 கிராம். கல்சியம் சரியாக 50க்கு வரும், மற்ற இரண்டும் 50 அளவில் நிற்கும். எந்தப் பியருக்கும் தொடங்க நல்ல இடம்.

ஆனால் தம்பி, உங்கள் ஊரில் ஆர்.ஓ. தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் நடுத்தர வன்மை, ஏறத்தாழ 120. காரத்தன்மை லண்டனின் பாதியும் இல்லை. உங்கள் மாநகராட்சி குளோரமைன் சேர்க்கிறது. ஆகவே காம்ப்டன் மாத்திரை கட்டாயம். அதற்குமேல் பேல் ஏல், அம்பர், பிறவுண் எல்லாம் அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே நன்றாக வரும். மிக வெளிர் லாகருக்கு மட்டும் பாதி ஆர்.ஓ. கலந்தால் போதும். ஒவ்வொரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீருக்கும் கூடவே கழிவாக ஓடும் தண்ணீரையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

ரி.டி.எஸ். மீற்றரைப் பற்றி ஒரு சொல். பில்ற்றர் விற்க வருகிறவர்கள் அதைத் தண்ணீருக்குள் வைத்து, எண்ணைக் காட்டி, ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். அந்த மீற்றர் மண்டபத்துக்குள் எத்தனை பேர் என்று சொல்லும், யார் யார் என்று சொல்லாது. 300 என்று காட்டினால் அது சல்பேற்றா இருகாபனேற்றா என்று அதற்குத் தெரியாது. பியருக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். உங்களிடம் இருக்கிற மீற்றருக்கு ஒரு நல்ல வேலை உண்டு. 8 என்று காட்டியது மெல்ல மெல்ல ஏறி 30, 40 ஆனால் மென்சவ்வு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அதற்கு முன்னாலுள்ள கரிக் கட்டத்தை நேரத்துக்கு மாற்றினால் மென்சவ்வைக் குளோரின் அரிக்காது.

கேள்வி: ரின்னில் வரும் மோல்ற் பாகைக் கரைத்துத்தான் காய்ச்சுகிறேன். ஜிப்சம், அமிலம் எல்லாம் போடவேண்டுமா?

பதில்: இல்லை. அந்தப் பாகைச் செய்த ஆலையிலேயே மாஷ் முடிந்துவிட்டது. அங்கத்தைய தண்ணீரின் உப்புகள் பாகுக்குள்ளேயே இருக்கின்றன. குளோரினை எடுக்கக் காம்ப்டன் மாத்திரை மட்டும் போடுங்கள்.

கேள்வி: நான் சென்னையில் இருக்கிறேன். வீட்டில் கேன் தண்ணீர்தான். நீங்கள் சொல்லும் முறையில் ஐந்து லிட்டர் மட்டும், வீட்டுக்காக மட்டும் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்காத வரைக்கும். கனடாவிலும் சொந்தத் தேவைக்குச் செய்யலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஐந்து லீற்றர் என்றாலும், வீட்டுக்கென்றாலும் அதேதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெறாமகனும் இதையே கேட்டிருக்கிறார். இலங்கையிலும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் தயாரிப்பதைத் தடுக்கிறது. இரண்டு பேரும் செய்ய வேண்டாம். பெறாமகனுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். தோட்டங்களுக்குப் போடும் உரத்தால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை வீட்டில் இருந்தால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: கிளாஸ்கோவில் பழைய கல்வீடு. இங்கத்தைய தண்ணீர் மிக மென்மை என்கிறார்கள். எனக்கு ஸ்ரவுற்தான் பிடிக்கும். சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்தால் சூடாக்கும் நேரம் மிச்சமாகுமே என்றும் யோசிக்கிறேன்.

பதில்: கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லொக் கட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது. பிரித்தானியாவில் இவ்வளவு மென்மையான நகரத் தண்ணீர் அபூர்வம். ஸ்ரவுற்றுக்கு அதில் ஒரு சிக்கல். கறுத்த மோல்ற்றின் அமிலத்தை அடக்கத் தண்ணீரில் காரமே இல்லை, பி.எச். 5.2க்குக் கீழே இறங்கி, கருகிய புளிப்பு வரும். அதற்கு வீட்டிலிருக்கும் அப்பச்சோடா போதும். 10 லீற்றருக்கு 1 கிராம் போட்டால் காரத்தன்மை 60 அளவில் ஏறும். சோக்குத்தூள் போடச் சொல்லும் குறிப்புகளை விடுங்கள், அது வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் அரைக் கிராம் போட்டு, மாஷில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, பி.எச். பாருங்கள். சூடாக இருக்கையில் அளந்தால் எண் வேறாகக் காட்டும். கல்சியத்துக்கு 10 லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் குளோரைட்டும் சேருங்கள், ஸ்ரவுற்றுக்கு வாய்நிறைவும் தரும்.

சுடுதண்ணீர்க் குழாயைத் தொடவேண்டாம். தாங்கியில் தேங்கி நின்று, செம்பையும் மற்ற உலோகங்களையும் கூடுதலாகக் கரைத்துக்கொண்டு வருவது அது. தோட்டத்து ஹோஸ் பைப்பும் ஆகாது. பிளாஸ்ரிக் மணம் நேரே பியருக்குள் இறங்கும். உணவுத்தர ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய கல்வீடு என்று எழுதியதால் இதையும் சொல்கிறேன். 1970க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இன்னும் இருக்கக்கூடும். மென்னீர் ஈயத்தை அதிகம் கரைக்கும்; தண்ணீர் நிறுவனங்கள் பொஸ்பேற்றுச் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் குழாயைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறமாக இருந்து, நாணயத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளிபோல் பளபளத்தால் ஈயம். அப்படியென்றால் பியரைத் தள்ளி வையுங்கள். தண்ணீர் நிறுவனத்துக்கு அறிவித்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை, குடிக்கவும் சமைக்கவும் காலையில் முதல் வரும் தண்ணீரை எடுக்காமல், குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.